எழுத்தில் கேள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

"இனிமே எது கேக்கணும்னாலும் எழுத்துல கேளு" என்று சொல்லிப் போனை வைத்தாய். சரி, எழுத்திலேயே கேட்கிறேன். போனில் நான் பாதி சொல்வதற்குள் உனக்குக் கோபம் வந்துவிட்டது. கடிதத்தில் என்னைக் குறுக்கே மறிக்க முடியாது. அதனால் கடைசிவரை படி.

நான் குற்றவியல் படிக்கக் கிளம்பியபோது, துப்பறியக் கற்றுத்தருவார்கள் என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். அக்காவைக் கட்டிய நம் மாமா, பூதக்கண்ணாடி வாங்கித் தரட்டுமா என்று கேலி செய்தார். இங்கே பூதக்கண்ணாடியும் இல்லை, ரத்தக்கறையும் இல்லை. இந்தப் பருவம் முழுக்க அட்டவணைகள்தான். யாரோ எங்கோ பதிந்துவைத்த விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தப்பைக் களைந்து, கோடு போட்டு, பிறகு அந்தக் கோட்டின் மேலேயே சந்தேகப்படுவது. போலீஸ் கணக்கு என்பது நடந்த குற்றங்களின் கணக்கு இல்லை, எழுதப்பட்ட குற்றங்களின் கணக்கு என்று பேராசிரியை முதல் வகுப்பிலேயே சொன்னார். நடந்து, எழுதப்படாமல் போனதற்கு எங்கள் பாடத்தில் 'இருட்டு எண்' என்று பெயர்.

எனக்குத் தந்த பயிற்சி இதுதான். ஒரு கோப்பில், வீட்டுக்குள் அடிபட்டதாகப் பெண்கள் கொடுத்த புகார்கள், காவல் நிலையம் வாரியாக. இன்னொரு கோப்பில், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் காயத்தோடு வந்த பெண்கள். பெயர் இருக்காது. வயது, பகுதி, என்ன காயம், எப்படிப் பட்டது என்று அவர்கள் சொன்ன காரணம், இவ்வளவுதான். பகுதிக்கு இரண்டு கோடு போட வேண்டும். மற்ற பகுதிகளில் அந்த இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்குகின்றன. ஒரே ஒரு பகுதியில் ஆஸ்பத்திரிக் கோடு மேலே போகிறது, போலீஸ் கோடு தரையில் படுத்துக் கிடக்கிறது. பகுதிகளுக்கு எண்தான் கொடுத்திருந்தார்கள். கடைசியில் பெயர்களைப் பிரித்துக் காட்டியபோது அது உன் ஸ்டேஷன். நீ பொறுப்பேற்ற வருஷத்திலிருந்து கோடு படுத்திருக்கிறது.

உடனே உன்மேல் பாயவில்லை அண்ணா. உன் பகுதியில் ஜனத்தொகை கூடியதா, வேறு ஊர்க்காரர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்களா என்று எல்லாம் பார்த்தேன். என் கோட்டை நானே உடைக்கப் பார்த்தேன், உடையவில்லை.

அதனால்தான் போனில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். புருஷன் அடித்தான் என்று ஒரு பெண் உன் ஸ்டேஷனுக்கு வந்தால் அங்கே என்ன நடக்கும்? கோட்டைப் பார்த்தபோதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. நீ போனை வைத்த வேகத்தில்தான் வந்தது.

உன் தங்கை


மார்ச் 9

அன்புள்ள குறுக்கு,

பொருள்: இன்ஸ்பெக்டர் மீது சொந்தத் தங்கையின் விசாரணை. பார்வை: தங்களின் மூன்றாம் தேதிக் கடிதம். ஆபீஸ் கடிதமாகவே எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், முடியவில்லை. சின்ன வயதில் குறுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டு நீ வாங்கிய பெயர் இது. அப்போது சிரிப்பாக இருந்தது.

கேட்டதற்குப் பதில். ஒரு பெண் வந்தால் முதலில் உட்காரச் சொல்வோம். தண்ணீர் கொடுப்போம். முன்மேசையில் பெண் காவலர் ஒருத்தி இருக்கிறாள், நிதானமானவள், அவள் பேசுவாள். புருஷனைக் கூப்பிடுவோம். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி, அவனைக் கண்டிக்கிற விதத்தில் கண்டித்து அனுப்புவோம். எழுதினால் என்ன ஆகும் தெரியுமா உனக்கு? அவன் உள்ளே போவான், வேலை போகும், பிள்ளைகள் தெருவில் நிற்கும், அடுத்த மாதம் அதே பெண் வந்து அவரை விட்டுவிடுங்கள் என்று என் காலைப் பிடிப்பாள். இதெல்லாம் எந்தக் கட்டத்தில் வரும் உன் அட்டவணையில்?

மாவட்டத்திலேயே குற்றம் குறைந்த ஸ்டேஷன் என்று எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். என் நாற்காலிக்குப் பின்னால்தான் மாட்டியிருக்கிறது. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிற நேரம் இது. இந்த நேரம் பார்த்து, இத்தனை ஸ்டேஷன்களில் என் ஸ்டேஷன் மட்டும் உன் கையில் வந்து விழுந்தது என்றால் நான் நம்ப வேண்டுமா? யார் உன்னைத் தூண்டினார்கள்? உன் பேராசிரியைக்கு எங்கள் மேலிடத்தில் யாரைத் தெரியும்? அந்தக் கோட்டை இதுவரை யார் யார் பார்த்திருக்கிறார்கள்? பெயர் பெயராக எழுது.

நீ என் தங்கை என்று அங்கே யாருக்காவது தெரியுமா, அதையும் எழுது.

வீட்டு விஷயம். அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறாள். உன் படிப்பு கெடும், சொல்லாதே என்றாள். இப்போது பரவாயில்லை. மாமாதான் சமையல். ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாட வந்தபோதுகூடக் குளியலறை வழுக்கலையும் தன் சமையலையும் சொல்லிச் சிரித்தார்.

அண்ணன்


மார்ச் 14

அண்ணா,

யாரும் என்னைத் தூண்டவில்லை. கோட்டைப் பார்த்தவர்கள் நானும் பேராசிரியையும்தான். நீ என் அண்ணன் என்று அவருக்கு நானே சொன்னேன். மறைத்திருந்தால்தான் தப்பு.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதை ஒரு நாள் தள்ளிப்போட்டேன். கோபத்தினால் இல்லை. என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்று தெரியாமல்.

அந்த ஆஸ்பத்திரிக் கோப்பைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கோட்டைப் போடும் முன் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே ஆள் பலமுறை வந்திருந்தால் பல ஆட்களாக எண்ணிவிடக் கூடாது அல்லவா, அதற்காகப் பெயருக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு கொடுத்திருப்பார்கள். குறியீட்டின்படி அடுக்கினால் ஒரே ஆள் வந்த வரிகள் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நிற்கும். நிறையப் பேர் ஒரு தடவைதான் வந்திருப்பார்கள். சிலர் திரும்பத் திரும்ப வந்திருப்பார்கள். எப்படிப் பட்டது என்ற கட்டத்தில் ஒரு தடவை 'கதவு இடித்தது' என்று இருக்கும். அடுத்த தடவை 'படியில் சறுக்கியது'. அதற்கடுத்து 'குளியலறையில் வழுக்கியது'. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சாதாரணம். ஒன்றன் கீழ் ஒன்றாகப் பார்த்தால் அப்படி இல்லை.

இந்தக் கோப்பைக் கையில் வாங்கும்போது, இதில் இருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க முயல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் முயலவில்லை. உன் கடிதம் வந்த பிறகு ஒரு வரிசை என்னை விடமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதைக் கேட்பதுகூடத் தப்புதான்.

அக்காவுக்கு எந்தக் கை?

தங்கை


மார்ச் 18

இடது கை.

ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. இப்படிப்பட்ட கேள்வியை ஒருவர் எதற்குக் கேட்பார் என்று தெரியாமலா இத்தனை வருஷம் இந்த உடுப்பைப் போட்டிருக்கிறேன்?

எவ்வளவு தைரியம் உனக்கு. மாமாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேசிக்கொண்டே, பயப்படாதீங்க, இதோ திறந்துடுவேன் என்று சொல்லிச் சொல்லித் திறப்பார். நான் போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகியபோது கூடவே ஓடினவர் அவர். அவர் ஓடியிராவிட்டால் எனக்கு இந்த வேலை இல்லை. உனக்கு இந்தப் படிப்பு வேண்டாம் என்று அவர் சொன்னதை நீ மனசில் வைத்திருக்கிறாய். அதற்கு இப்போது ஒரு கம்ப்யூட்டர் கிடைத்திருக்கிறது.

கை உடைந்த பெண்கள் ஊரில் எத்தனையோ பேர். ஒரு வரிசையைப் பார்த்து, ஒரு கையைக் கேட்டு, அதில் நம் அக்காவைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறாய். இதைத்தான் அங்கே சொல்லித் தருகிறார்களா? எங்கள் ஸ்டேஷனில் புதிதாக வந்த காவலன் இப்படி ஒரு முடிவுக்கு வந்தால் வெளியே போய் நில் என்பேன்.

இன்னொன்று. கையெழுத்துப் போட்டுவிட்டு மீறியிருக்கிறாய் என்று உன் கைப்பட எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. உன் பல்கலைக்கழகத்துக்கு அதன் நகல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.


மார்ச் 23

அண்ணா,

நகல் எடுக்கும் சிரமம் உனக்கு வேண்டாம். உன் கடிதம் வருவதற்கு முன்பே பேராசிரியையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு வரிசையில் இருப்பவரை அடையாளம் தெரிந்துவிட்டதாக நினைக்கிறேன், அதை வைத்து வீட்டில் ஒரு கேள்வியும் கேட்டுவிட்டேன் என்றேன். அவர் திட்டவில்லை. அன்றே அந்தக் கோப்பைத் திறக்கும் உரிமையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். பல மாத வேலை போயிற்று. இனி அந்த வரிசையை நான் பார்க்கவும் முடியாது, உனக்குக் காட்டவும் முடியாது. ஆகவே உன்னிடம் இருக்கும் என் கடிதத்தால் இனி எனக்கு எந்தக் கெடுதலும் இல்லை. நிம்மதியாக வைத்துக்கொள்.

ஒரு வரிசை, ஒரு கை, அதை வைத்து முடிவுக்கு வரலாமா என்று கேட்டாய். வரக்கூடாது. அதில் நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் நீ வந்துவிட்டாய். மாமா நல்லவர், கூட ஓடினார், ஆகவே நடந்திருக்காது என்கிறாய். இது மட்டும் எந்த ஊர்ச் சாட்சியம்?

கோப்பு போனதும், வீட்டுக்கு வீடு போய்க் கேட்பதற்கான கேள்வித்தாள் தயாரிக்கும் வேலையில் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று கற்றேன். 'உங்கள் வீட்டில் வன்முறை உண்டா' என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் இல்லை என்பார்கள். 'யாராவது உங்களைத் தள்ளிவிட்டதுண்டா, கையை முறுக்கியதுண்டா' என்று கேட்டால் அதே பெண்கள் உண்டு என்பார்கள். கேட்கிற விதத்தில் கேட்டால்தான் பதில் வரும்.

அக்காவிடம் பேசலாம் என்று போன் செய்தேன். மாமா எடுத்தார். "அவ குளிக்கிறா" என்றார். அடுத்த நாளும் குளித்துக்கொண்டிருந்தாள். நேற்று மத்தியானமும். மாவுக்கட்டுப் போட்டவள் எத்தனை தடவைதான் குளிப்பாள்?

உன்னிடம் இப்போது நேராகவே கேட்கிறேன். அக்கா உன் ஸ்டேஷனுக்கு எப்போதாவது வந்திருக்கிறாளா?

தங்கை


ஏப்ரல் 6

அன்புள்ள குறுக்கு,

உன் கேள்விக்கு 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும் முன் ஒரு வார்த்தை விசாரித்துவிடலாம் என்று தோன்றியது. தொழில் புத்தி. விசாரிக்காமல் எழுதியிருந்தால் பொய் எழுதியிருப்பேன்.

முன்மேசைப் பெண் காவலரைக் கூப்பிட்டு, என் அக்கா இங்கே வந்ததுண்டா என்று கேட்டேன். போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, "வந்தாங்க சார்" என்றாள். போன மழைக்காலத்தில் இரண்டு மூன்று முறை, நான் ரவுண்ட்ஸ் போயிருந்த நேரங்களில். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். சொல்ல வேண்டாம் என்று அக்கா அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாளாம்.

"அப்புறம் நீ என்ன பண்ணின?"

இதென்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லியிருக்கிற மாதிரிதான் சார். எழுதல. வீட்டுக்காரருக்கு போன் பண்ணி வரச் சொன்னேன். ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசி அனுப்பினேன்."

ஒவ்வொரு தடவையும் மாமா வந்து அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். என் ஸ்டேஷனிலிருந்து. என் உத்தரவின்படி. அந்த வாரங்களிலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு பந்து விளையாடினார். ஆட்டம் முடிந்து துண்டால் முகம் துடைத்துக்கொண்டே, ஸ்டேஷன்ல என்ன விசேஷம் என்று கேட்பார். அக்கறையில் கேட்கிறார் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்துவிட்டதா என்று ஆழம் பார்த்திருக்கிறார். இப்போது அவர் சிரித்த ஒவ்வொரு சிரிப்பையும் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைச் சங்கிலியோடு திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் மாடிப்படியைப் பார்த்தாள்.

"அவர் அனுப்பினாரா?"

இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. குறுக்கு, இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள், எதுவும் தைத்ததில்லை. இது தைத்தது. இல்லையக்கா, நானாக வந்தேன் என்றேன். நம்பவில்லை. சங்கிலியை எடுக்கவும் இல்லை. புகார் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "எழுதிக் கொடுத்தா என்ன பண்ணுவ? அவரை வரச் சொல்லி உக்கார வெப்பியா?" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். கடைசியில் அவளே, "சின்னவ விலாசம் இருக்கா?" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். கதவு இடுக்கு வழியாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

அவள் உன்னிடம் வந்தாலோ எழுதினாலோ எனக்கு ஒரு வரி போடு. ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இதையெல்லாம் நீ உன் ஆராய்ச்சியில் எழுதுவாயா?

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

வந்துவிட்டாள். கையில் ஒரு பைகூட இல்லை. மாவுக்கட்டுக்குள் உன் கையெழுத்து இருந்த காகிதத்தைச் செருகி வைத்திருந்தாள்.

நான் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இந்த வருஷம் முழுக்கக் கேட்கத்தான் படித்தேன், இருந்தும் வாய் வரவில்லை. முதல் மூன்று நாள் தூங்கினாள். நான் வகுப்புக்குக் கிளம்பினால் வெளியே பூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். நான்காம் நாள் தானாகப் பேசினாள். அவள் என்ன சொன்னாள் என்று உனக்கு எழுத மாட்டேன். அது அவளுடையது. அவள் இஷ்டப்பட்டால் அவளே சொல்லட்டும். இல்லை, என் ஆராய்ச்சியிலும் எழுத மாட்டேன்.

அந்த வாரமே மாமா என் விடுதிக்குப் போன் செய்து, அக்கா அங்கே இருக்கிறாளா என்று வார்டனிடம் ரொம்ப மரியாதையாக விசாரித்திருக்கிறார். அதனால் விடுதியைக் காலி செய்துவிட்டோம். இப்போது வேறு இடத்தில் இருக்கிறோம். விலாசம் இந்தக் கடிதத்தில் இல்லை. நீ போலீஸ்காரன், தேடினால் கண்டுபிடித்துவிடுவாய். தேடாதே. பதிலைப் பல்கலைக்கழகத்துக்கே போடு.

உன்னை ஏன் நம்பவில்லை என்று கேட்பாய். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காவலர் சொன்னது இருக்கிறது, மாமா சிரித்தது இருக்கிறது, அக்கா கேட்ட கேள்வி உன்னைத் தைத்தது இருக்கிறது. உன் உத்தரவை மாற்றினாய் என்று எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. எழுதியிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது, எழுதாமல் விட்டது என்ன என்றும் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் படிப்பே. நீ துடித்தது உன் அக்காவுக்காக. நாளைக்கு வேறு யாருடைய அக்காவோ அதே மேசைக்கு வருவாள். அவளுடைய வீட்டுக்காரருக்கும் போன் போகுமா?

தங்கை


ஏப்ரல் 29

அன்புள்ள குறுக்கு,

தேடவில்லை.

நீ சொன்னது சரி, மாற்றியிருக்கவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. என் அக்கா, என் மாமா, என் அவமானம் என்றே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு, யார் வந்தாலும் அவர்கள் சொல்வதை எழுது, வீட்டுக்கு யாரும் போன் செய்யக் கூடாது என்றேன். பெண் காவலர் அன்றிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறாள். ஒரு வாரம் ஆகுமுன்பே, புகார்கள் ஏறியதைப் பார்த்து மேலதிகாரி கூப்பிட்டு, உன் ஏரியாவுக்குத் திடீர்னு என்ன வந்தது, பட்டியல் போகிற நேரத்தில் உனக்கு எதற்கு இந்த வேலை என்றார். ஒன்றும் வரவில்லை சார், இருந்தது என்றேன். பட்டியலில் என் பெயர் இனி இருக்காது என்று நினைக்கிறேன்.

எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. நேற்று மாமா ஸ்டேஷனுக்கு வந்தார். நேராக என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில்.

"உங்க அக்காவக் காணோம்னு ஒரு கம்ப்ளெய்ன்ட் போடணும். நீ தேடினா ஒரு நாள்ல கிடைச்சிடுவா" என்றார்.

என்னைத் தேட வைத்து, நான் கண்டுபிடித்த இடத்துக்கு வந்து நிற்கலாம் என்ற கணக்கு அது. சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் யார் வந்தாலும் எழுது என்று சொன்னவன் நான். பெண் காவலரை அழைத்து, எழுதிக்கோ என்றேன். மற்ற எவரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள், என்ன உடுத்தியிருந்தார், உடம்பில் அடையாளம் ஏதாவது உண்டா.

"இடது கைல கட்டு" என்றார்.

"எப்படி ஆச்சு?"

"படில விழுந்துட்டா."

என்னிடம் குளியலறை என்று சொல்லியிருந்தார். அதைச் சொல்லிச் சிரித்தவரே அவர்தான். காவலர் 'படியில்' என்று எழுதினாள். எந்தப் படி, எத்தனை மணிக்கு, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொரு பதிலையும் அவள் எழுதினாள். இதற்கு முன்னால் இங்கிருந்து எத்தனை தடவை அவரை அழைத்துப் போனீர்கள் என்று கேட்டபோது, அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில், "இதெல்லாம் எழுத வேணாமே. நமக்குள்ள உக்காந்து பேசித் தீத்துக்கலாம்" என்றார்.

நான் எத்தனையோ பெண்களிடம் சொன்னது, அப்படியே அவர் வாயில்.

"இங்க இப்ப அப்படி இல்ல மாமா" என்றேன். "வந்து சொன்னா எழுதிடுவோம். கையெழுத்துப் போடுங்க."

போடாமல் எழுந்து போய்விட்டார். அவர் சொன்னது எழுதினபடி இருக்கிறது. அக்கா எங்கே புகார் கொடுத்தாலும், காவலரும் நானும் வந்து சாட்சி சொல்வோம். கொடுக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அதையும் வற்புறுத்தவில்லை.

அண்ணன்


மே 6

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மாமா வந்து உட்கார்ந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து, மேலே படி என்றாள். அவர் கையெழுத்துப் போடாமல் போன இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள்.

முந்தாநாள் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். விரல்களை மடக்கி நீட்டப் பழகுகிறாள். புகார் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாள். உன் ஸ்டேஷனில் இல்லை, இங்கே, அவளை யாருக்கும் தெரியாத இடத்தில். நான் கூடப் போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று நான் ஒரு வார்த்தையும் சொல்லித் தரவில்லை.

நீ வரலாமா என்று நான்தான் கேட்டேன்.

"அவன் நிஜமாவே எழுதச் சொன்னானா, இல்ல நாம படிக்கணும்னு இப்படி எழுதியிருக்கானா?" என்றாள்.

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. எனக்குத் தெரியலக்கா, கடிதத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றேன்.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸுக்கு வா. தனியாக வா, கிளம்புவதை யாரிடமும் சொல்லாதே. பஸ் நிலைய வாசலில் நான் நிற்பேன், அங்கிருந்து நடந்து போகலாம். இது என் ஏற்பாடு இல்லை. அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வரச் சொல்லு. மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

உன் தங்கை